‘இன்னும் ஒரே ஒரு வாய்!’ - குழந்தையின் வயிற்றுக்கு அளவு சொல்வது யார்?

குழந்தைகள் டாக்டரின் கிளினிக். மூன்று வயதுப் பையனை எடை மெஷினில் நிற்க வைக்கிறார்கள். 14 கிலோ காட்டுகிறது. “வயசுக்குச் சரியான எடைதான்” என்கிறார் டாக்டர். ஆனால், அம்மாவின் முகம் தெளியவில்லை.

“இல்ல டாக்டர்... எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறான். ஒரு இட்லி ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகுது. பசி எடுக்கிறதுக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்களேன்.”

கூட வந்திருக்கும் பாட்டி விடுவதாக இல்லை. “எதிர்வீட்டுப் பிள்ளை இவனைவிட ரெண்டு மாசம் சின்னது. கன்னமெல்லாம் எப்படி கொழுகொழுன்னு இருக்கு தெரியுமா?”

வெளியே காத்திருக்கும் வரிசையில் இன்னோர் அம்மா. பக்கத்தில் ஆறு வயது மகள். எடை 32 கிலோ. அந்த வயதுக்கு இது மிக அதிகம். “மூணு வயசு வரைக்கும் இவளும் சாப்பிடவே மாட்டா. போனைக் காட்டிக் காட்டித்தான் ஊட்டினேன். இப்ப சாப்பிடுறதை நிறுத்தவே முடியலை” என்பது அவரின் கவலை.

தமிழ்நாட்டில் எந்தக் குழந்தைகள் கிளினிக்கிலும் இப்படிப்பட்ட இரண்டு அம்மாக்களையும் பார்க்க முடியும். ஒருவருக்குப் பிள்ளை ஒல்லி என்ற கவலை, இன்னொருவருக்குப் பிள்ளை குண்டு என்ற கவலை. ஆனால், பல வீடுகளில் இரண்டு கவலைகளும் ஆரம்பிக்கும் இடம் ஒன்றுதான். குழந்தை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை, குழந்தைக்குப் பதிலாகப் பெரியவர்கள் முடிவு செய்வது!

ஒரு வயதுக்குப் பிறகு பசி ஏன் குறைகிறது?

“ஒரு வயசு வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டுட்டு இருந்தான்...” என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பிறந்த எடையைப்போல இரண்டு மடங்கை ஏறக்குறைய ஐந்தாவது மாதத்திலும், மூன்று மடங்கை ஒரு வயதிலும் குழந்தைகள் எட்டிவிடுகிறார்கள். அதாவது, முதல் ஆண்டில் மட்டும் சுமார் 6 கிலோ கூடுகிறது. அதன்பிறகு அந்த வேகம் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஆண் குழந்தையின் நடுத்தர எடை ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2, மூன்று வயதில் 14.3, நான்கு வயதில் 16.3, ஐந்து வயதில் 18.3. பெண் குழந்தைக்கு இதைவிடச் சற்றுக் குறைவு. ஆக, இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ கூடினால் போதும்.

வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. இது இயல்பு. ஆனால், சரியாக இந்தச் சமயத்தில்தான் வீட்டில் போராட்டம் தொடங்குகிறது. ஊட்டும் கிண்ணம் பெரிதாகிறது. குழந்தையின் பின்னால் வீடு முழுக்க ஓட வேண்டியிருக்கிறது. ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்பது பத்து வாய் ஆகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்னவை நடுத்தர எடைகள். ஒவ்வொரு குழந்தையும் அந்த எண்ணைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. அப்பா, அம்மா இருவரும் ஒல்லியான உடல்வாகு என்றால், பிள்ளையும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். வளர்ச்சி அட்டவணையில் குழந்தையின் கோடு தன் பாதையிலேயே சீராக மேலே போகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் கன்னத்துக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

கொழுகொழு என்றால் ஆரோக்கியமா?

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 3.4 சதவிகிதம் பேர் அதிக எடையோடு இருப்பதாகச் சொல்கிறது. முந்தைய ஆய்வில் இது 2.1 சதவிகிதம். எண் சின்னதாகத் தெரியலாம். அதே ஆய்வில் பெரியவர்களின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். பெரியவர்களான பிறகு மாற்ற முடியாமல் தவிக்கும் பல உணவுப் பழக்கங்கள் தொடங்குவது இந்தச் சின்ன வயதில்தான்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 32.1 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். எனவே, எடையை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னம் உப்பியிருந்தும் உயரமோ ரத்தத்தில் இரும்புச்சத்தோ குறைவாக இருக்கும் குழந்தைகளும் உண்டு.

வற்புறுத்தினால் என்ன ஆகும்?

பசி எடுத்தால் அழுவதும், வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பிறந்த குழந்தைக்கே தெரியும். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால், அதை மறக்கவைக்க நம்மால் முடியும்.

செல்போனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்கு, என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, எப்போது வயிறு நிறைந்தது என்பதும் தெரியாது. கிண்ணம் காலியாவதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. ஆனால், நிறைந்த வயிறு ‘போதும்’ என்று சொன்னதைக் குழந்தை கவனிக்கவே இல்லை. இந்தப் பழக்கம் வருடக்கணக்கில் தொடர்ந்தால், திரையைப் பார்த்தாலே சாப்பிடத் தோன்றும் நிலைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் ‘குடித்து முடி’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முடிவு? வற்புறுத்தாதபோது குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைத்தான் அதிகம் குறை சொன்னார்கள்.

பிடுங்கி வைத்தாலும் பலனில்லை

சரி, பிள்ளை குண்டாகிவிட்டது. உடனே வீட்டில் என்ன நடக்கிறது? அண்ணனுக்கு முறுக்கு, தங்கைக்கு மட்டும் “உனக்குக் கிடையாது.” எல்லோர் தட்டிலும் தோசை, அவள் தட்டை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்து, எடுக்கவிடாமல் கட்டுப்படுத்தியபோது, குழந்தைகளுக்கு அதன்மேல் ஆசை கூடியதுதான் மிச்சம் என்று 1999-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. கட்டாயப்படுத்தி ஊட்டினால் அந்த உணவின்மேல் வெறுப்பு வருகிறது. கண்ணெதிரே வைத்துத் தடுத்தால் ஆசை வருகிறது. “கீரையைச் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்” என்ற பேரத்திலோ, கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் குழந்தையின் மனதில் பதிகிறது.

பெற்றோர் வேலை எது... குழந்தை வேலை எது?

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதற்கு எளிமையான ஒரு பிரிவினையைச் சொன்னார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் - இந்த மூன்றும் பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு - இந்த இரண்டும் குழந்தையின் பொறுப்பு.

“அப்போ சாக்லேட்தான் வேணும்னு கேட்டா கொடுத்துடலாமா?” என்று கேட்கலாம். கூடாது. என்ன உணவு என்பது பெற்றோர் கையில்தானே இருக்கிறது! சிகாகோவைச் சேர்ந்த குழந்தைகள் டாக்டர் கிளாரா டேவிஸ் 1920-களில் தொடங்கிய ஒரு பரிசோதனையில், 15 குழந்தைகளை அவர்கள் விருப்பப்படி சாப்பிடவிட்டார். ஒரு வேளை ஒன்றை மட்டும் நிறைய, அடுத்த வேளை வேறொன்றை என்று தாறுமாறாகச் சாப்பிட்டாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தார்கள். காரணம், அவர்களுக்காக அவர் தேர்ந்தெடுத்த 34 உணவுகளில் பழம், காய்கறி, தானியம், பால், முட்டை, இறைச்சி போன்றவை மட்டுமே இருந்தன. பட்டியல் பெரியவருடையது, அளவு குழந்தையுடையது.

நம் வீட்டில் எப்படிச் செய்வது?

* நேரம்: மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு முறை பழம், சுண்டல், வேகவைத்த கடலை மாதிரி ஏதாவது. இடையில் பசி என்றால் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டும் பாலும் உள்ளே போன பிறகு சாதத்துக்கு எங்கே இடம்?

* பால்: ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. பால் போதும். அளவுக்கு மீறினால் சாப்பாட்டுப் பசி குறையும். இரும்புச்சத்துக் குறைபாடும் வரலாம்.

* பாலில் கலக்கும் பவுடர்: ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இல்லை. அதனால்தான் அந்தப் பெயரில் விற்பதை நிறுத்தும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

* தட்டு: அரை இட்லி, இரண்டு ஸ்பூன் சாதம் என்று குறைவாக வையுங்கள். இன்னும் கேட்டால் வையுங்கள். தானே எடுத்துச் சாப்பிடட்டும். தரையில் கொஞ்சம் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

* அரை மணி நேரம்: அதற்குள் சாப்பிடவில்லை என்றால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரத்தானே போகிறது.

* புதிய காய்: முதல் நாளே பீர்க்கங்காய் பிடித்துவிடாது. ஒரு காயைப் பத்து முறைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகு சுவைத்துப் பார்க்கும் குழந்தைகளும் உண்டு. ஒரு துண்டு வையுங்கள், பேசாமல் விட்டுவிடுங்கள்.

* திரை, விளையாட்டு: இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வயதிலிருந்தே நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பிடும்போது போன் வேண்டாம், அம்மா அப்பாவின் போன் உட்பட.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பேச்சு வாங்குவது அம்மா மட்டும்தான். ஆனால், இரவு வேலை முடிந்து வரும்போது பையில் சிப்ஸ் பாக்கெட் கொண்டுவருவது யார்? டிவி முன்னால் தட்டோடு உட்காருவது யார்? அப்பா தட்டில் ஒதுக்கும் பீன்ஸை மகன் எப்படிச் சாப்பிடுவான்? நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே சமையலைச் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு எடை குறைய வேண்டும் என்றால் மாற வேண்டியது வீட்டுச் சமையலும் பழக்கமும். அவள் தட்டை மட்டும் தனியாக்கக் கூடாது.

இன்னொரு வேலையும் அப்பாவுக்கு உண்டு. “புள்ளையை எலும்பும் தோலுமா வச்சிருக்கா” என்று உறவினர் சொல்லும்போது, “டாக்டர் எடை பார்த்தாரு, சரியா இருக்கான்” என்று அவர் சொன்னால், அம்மாவின் பாதி பாரம் இறங்கிவிடும். ‘குண்டு’, ‘ஓமக்குச்சி’ போன்ற பட்டப்பெயர்கள் செல்லமாகக்கூட வேண்டாம். குழந்தை சிரித்துக்கொண்டே கேட்டாலும் மறப்பதில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

எல்லா ‘சாப்பிட மாட்டேங்கிறான்’களையும் இயல்பு என்று விட்டுவிடவும் முடியாது. எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, அட்டவணையில் கோடு சரிந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, ஓரிரு உணவுகளைத் தவிர எதையுமே தொடாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். எடை அதிகமுள்ள குழந்தைக்குக் கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்தாலோ, தினமும் குறட்டை வந்தாலோ அவசியம் காட்ட வேண்டும். இந்த வயதில் பட்டினியோ, நீங்களாகத் தரும் டயட்டோ கூடாது.

அங்கன்வாடியில் எடையும் உயரமும் இலவசமாகப் பார்த்துக் குறித்துக்கொடுப்பார்கள். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி அட்டவணையும் இருக்கும். பீரோவில் கிடக்கும் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை குழந்தை “போதும்மா” என்று தட்டைத் தள்ளினால், “சரிப்பா” என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள்கள் மனசு அடித்துக்கொள்ளும். கையில் கிண்ணம் இல்லாமல் கால் ஓடும். பொறுங்கள். கொஞ்ச நாளில், “அம்மா, பசிக்குது” என்று குழந்தையே சமையலறை வாசலில் வந்து நிற்கும். எந்த டானிக்கும் கேட்க வைக்காத வார்த்தை அது.