தொட்டில் எத்தனை? கை எத்தனை?

2014 நவம்பரில், தருமபுரி சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டன. நாடே திடுக்கிட்டது. மந்திரிகள் விரைந்தார்கள், விசாரணைக் குழு வந்தது. எடைக் குறைவு, பிறக்கும்போதே மூச்சுத் திணறல் என்று காரணம் சொல்லப்பட்டது. சிகிச்சையில் குறை இல்லை என்றது அன்றைய சர்க்கார்.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை மக்களுக்கு அது அயலூர்ச் சேதி அன்று. 2004 வரை இந்த வட்டாரமே தருமபுரி ஜில்லாதான். இன்றும் இங்கே மாதம் நிறையாமல் ஒரு சிசு பிறந்தால், 108 வண்டி கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோதான் ஓட வேண்டும்.

எடைக் குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அது பதில் ஆகுமா? எடை குறைந்த குழந்தையைக் காக்கத்தானே அந்த வார்டே கட்டப்பட்டது! காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், காய்ச்சலால் செத்தான் என்று கணக்கு முடிப்பதா? கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த இரவில் எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை நர்சுகள் இருந்தார்கள்? தருமபுரிக்கு மட்டுமல்ல, நாட்டின் ஒவ்வொரு சிசு வார்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

டாக்டர் வருகிறார், பார்க்கிறார், எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போகிறார். குழந்தையின் அருகிலேயே நிற்பவர் நர்சம்மா. ஒரு கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் இருக்கும் இரத்தம் சுமார் 80, 90 மில்லி. ஒரு காப்பித் தம்ளர்கூட நிறையாது. அதற்கு மருந்தை எடைக்குத் தக்கபடி அளக்க வேண்டும். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். உடம்புச் சூடு குறைந்தால் ஆபத்து. கழுவாத கையோடு தொட்டால் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் வழியே பால் பெறும் சிசுவுக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை பால் ஊட்ட வேண்டும். கை கழுவி, அளந்து, மெல்ல இறக்கி, குறித்து வைக்க 15 நிமிடம் என்று கொள்வோம். ஒரு நர்சிடம் எட்டுக் குழந்தைகள் என்றால் 120 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரமும் பாலுக்கே சரி! பிறகு ஊசி மருந்தை யார் அளப்பது? மூச்சு நின்ற குழந்தையை யார் தட்டி எழுப்புவது? இது சோம்பலா, கவனக் குறைவா? கூட்டல் கழித்தல் கணக்கு!

மத்திய சர்க்காரின் வழிகாட்டி நெறிகளே இந்த வார்டுகளில் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் சிசு தீவிர சிகிச்சையில் இரண்டு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்று கட்டாயமாக்கினார்கள். அங்கே சட்டம், இங்கே வெறும் நெறி. நெறியை மீறினால் கேட்பார் யார்?

ஓசூர் ஆலையில் ஓர் இயந்திர வரிசைக்கு எத்தனை ஆள் என்று முதலாளிக்குக் கணக்கு உண்டு. ஆள் குறைந்தால் வரிசை நிற்கும். நஷ்டம் அன்றே தெரியும். சிசு வார்டில் ஆள் குறைந்தால் எதுவும் நிற்பதில்லை. உயிர் போனால், எடைக் குறைவு என்று ஏட்டில் ஏறும்.

நர்சுகளை நாம் நடத்தும் விதம் என்ன? 2015-இல் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்த பிறகே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. நாளை வேலை உண்டா என்று தெரியாதவரிடம் நாளைய குடிமகனை ஒப்படைக்கிறோம்!

தமிழகம் சாதிக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை இந்தியாவில் 28, தமிழகத்தில் 13. இந்தப் பெருமையில் பெரும் பங்கு நர்சம்மாக்களுடையது. பெருமையை வாங்கிக்கொள்பவர்கள் பாரத்தையும் பகிர வேண்டாமா?

பணம் இல்லை என்பார்கள். கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. ரிப்பன் வெட்டவும் ஆள் கிடைக்கிறது. 2024 நவம்பர் 15 இரவு, உத்தரப் பிரதேசத்து ஜான்சி மருத்துவக் கல்லூரியின் சிசு வார்டில் தீப்பிடித்து 10 குழந்தைகள் மடிந்தன. தீயிலிருந்து குழந்தையைத் தூக்கி ஓடக் கருவிக்குக் கை ஏது?

ஆகவே நாம் வற்புறுத்துகிறோம்: சிசு வார்டுகளில் நர்சுகளின் எண்ணிக்கையைச் சட்டமாக்குக. அங்கே பழகிய நர்சுகளை நிரந்தரமாக்குக. அடிக்கடி வேறு வார்டுக்கு மாற்றாதீர். தவறு நேர்ந்தால் நர்சைச் சஸ்பெண்டு செய்யுமுன் அன்றைய டியூட்டிப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை வையுங்கள்: இந்த நேரத்தில் உள்ளே குழந்தைகள் எத்தனை, நர்சுகள் எத்தனை என்று.

பலகைக்குச் செலவு அதிகமில்லை. அதில் எழுதும் எண்ணுக்கு வெட்கப்படாத நிலை வேண்டும்; அவ்வளவுதான்.