இடது காலுக்கு ஒரு கியர்பாக்ஸ்

ஆண்டர்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை உண்டு. நான்கு தகரம், ஒரு வேப்பமரம், தரை முழுக்கப் பல வருஷத்து எண்ணெய்க் கறை. பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்கள் வருவார்கள், தெரியாதவர்கள் வரவேண்டியதில்லை என்பது மேஸ்திரியின் நினைப்பு. கோலார் தங்கவயலுக்குப் போகும்போதெல்லாம் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவது என் வழக்கம். கடைசியாகப் போனபோது அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்துக்குக் காரணம் ஒரு பழைய மஹிந்திரா பிக்கப். எண்பதுகளின் கடைசியில் வந்த வண்டி. 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின், நான்கு கியர். அதன் சொந்தக்காரர் எழுபதை நெருங்கும் பெரியவர். கால் நூற்றாண்டு பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது கையில் கிடைத்த பணத்தில் இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். அன்றிலிருந்து தக்காளி, கோஸ், சமயங்களில் கல்யாணப் பாத்திரம் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய இடது முழங்கால் பழுது. தங்கவயல்காரர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். ஆழத்தில் பாறை தன்மேல் இருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறுவது. அப்படி ஒன்றில் சிக்கியும் உயிரோடு மேலே வந்தவர். முழங்கால் மட்டும் முழுதாக வரவில்லை. இத்தனை வருஷம் சமாளித்த கால், இப்போது கிளட்சை மிதிக்க மறுக்கிறது.

"அமெரிக்காவுல எங்க அக்கா பையன் இருக்கான் சார். அங்க நாப்பது அம்பது வருஷத்து செவர்லே பிக்கப்புல, பழைய கியர்பாக்ஸைக் கழட்டிட்டு ஓவர்டிரைவ் வெச்ச ஆட்டோமேட்டிக் மாட்டிடறாங்களாம். கிளட்சே இல்ல. ரோட்டுல சத்தமே இல்லாம போவுதாம்" என்றார் என்னிடம். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "இன்னா மேஸ்திரி, அவன் செய்றான், நம்மளால முடியாதா?" என்றார்.

கேள்வி நியாயமானது. அக்கா பையன் சொன்னதும் உண்மை. அமெரிக்காவில் இது ஒரு பெரிய கைத்தொழில் மாதிரி நடக்கிறது. காரணம் எளிது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே வந்த பிக்கப்களில் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் மூன்று கியர்தான். மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டும் ஒரு சுற்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும், பெட்ரோலைக் குடிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் '700ஆர்4' என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதன் நான்காவது கியரின் விகிதம் 0.70. அதாவது எஞ்சின் 70 சுற்று சுற்றினால் வெளித்தண்டு 100 சுற்று சுற்றும். இதுதான் ஓவர்டிரைவ். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள்.

ஓவர்டிரைவ் என்றதும் ஏதோ கூடுதல் சக்தி கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சக்கரத்துக்குப் போகும் இழுவையைக் குறைத்துக்கொண்டு வேகத்தை வாங்கும் பண்டமாற்று அது. மேஸ்திரி ஒரு சாக்பீஸை எடுத்துத் தகரத்தில் கணக்குப் போட்டார். பெரியவரின் வண்டியில் பின் அச்சு விகிதம் 5.38. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,260 சுற்று சுற்ற வேண்டும். 0.8 விகிதத்தில் ஓர் ஓவர்டிரைவ் இருந்தால் 2,610 போதும். சத்தம் குறையும், சூடு குறையும், தேய்மானம் குறையும், டீசலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது பழையபடி நாலாவதுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

"சரி, ஓவர்டிரைவ் புரியுது. ஆட்டோமேட்டிக் ஏன் கூடாது?" என்று பெரியவர் விடவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. இந்த உரையாடல் நடந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் பி.இ.எம்.எல். தொழிற்சாலை இருக்கிறது. 1964இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனத்தின் தங்கவயல் பிரிவில் புல்டோசர்கள் தயாராகின்றன. அந்த ராட்சத எந்திரங்களுக்கான கியர்பாக்ஸ்களும் இங்கேயே செய்யப்படுகின்றன. பெரிய புல்டோசரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே நம் காரில் இருப்பது போன்ற கிளட்ச் தட்டு கிடையாது. டார்க் கன்வர்ட்டர் இருக்கும். எஞ்சின் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். அது வாரியடிக்கும் எண்ணெய் எதிரே இருக்கும் இன்னொரு துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். ஒரு மின்விசிறிக்கு எதிரே இன்னொன்றை வைத்தால் காற்றிலேயே அதுவும் சுற்றுமே, அந்த மாதிரி. 1905இல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது. அதன் பின்னால் எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் தட்டுகளும், சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி ஒன்றையொன்று சுற்றும் பல்சக்கரங்களும். அமெரிக்க ஆட்டோமேட்டிக்கின் வயிற்றுக்குள் இருப்பதும் இதே சாமான்கள்தான். ஆக, கிளட்ச் மிதிக்க வேண்டாத கியர்பாக்ஸ் இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்த ஊர்ப் பிள்ளைகள் கையாலேயே செய்கிறார்கள்.

இருந்தும் மேஸ்திரி தலையாட்டினார். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதல் காரணம், எஞ்சின். எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும்போது கொஞ்சம் வழுக்கல் உண்டு. வழுக்குவதெல்லாம் சூடாகப் போகும். பெரிய எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சினுக்கு அது கால்தூசு. பெரியவரின் எஞ்சினுக்கு மொத்தமே 62 குதிரைசக்தி. லோடோடு மேடு ஏறும்போது அதில் ஒரு பங்கு எண்ணெயைச் சூடாக்கப் போனால் வண்டி நகர்வதே சந்தேகம். தனியாக ஆயில் கூலர் வேறு வைக்கவேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் தட்டுகள் கருகும்.

இரண்டாவது, எப்போது கியர் மாற்றவேண்டும் என்று பெட்டிக்கு யார் சொல்வது? பல பழைய ஆட்டோமேட்டிக்குகள் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தை வைத்து, அது எவ்வளவு சிரமப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும். டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் அப்படி ஏறி இறங்காது. 700ஆர்4 மாதிரியானவை ஆக்சிலேட்டரோடு ஒரு கேபிளைக் கட்டிப் புரிந்துகொள்ளும். அந்தக் கேபிள் அளவு கொஞ்சம் பிசகினால் எண்ணெய் அழுத்தம் போதாமல் பெட்டி சீக்கிரமே எரிந்துபோகும். அமெரிக்காவில் அப்படி எரித்தவர்கள் ஏராளம். புதிய பெட்டிகளோ கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் கேட்கும். இந்த வண்டியில் கம்ப்யூட்டர் ஏது?

மூன்றாவது காரணத்தை மேஸ்திரி சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "நான் மாட்டிடுவேன் தாத்தா. முல்பாகல் தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்னுபோச்சுன்னா யாரு பிரிப்பாங்க? நாலு கியர்னா எந்த ஊர்லயும் ஒரு பையன் கிடைப்பான்."

ஒரு எந்திரம் நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், அது கெட்டுப்போனால் கையில் எடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பது பட்டறைக்காரனின் ஞானம். அமெரிக்காவில் அந்தப் பெட்டிக்குத் தெருவுக்குத் தெரு உதிரிப்பாகம் கிடைக்கிறது, அதனால் அங்கே அது புத்திசாலித்தனம். இங்கே அதே பெட்டி ஓர் அனாதை.

கடைசியில் முடிவானது இது. தொண்ணூறுகளில் மஹிந்திரா தன் வண்டிகளில் போட்ட ஐந்து கியர் பி.ஏ.10 பெட்டி ஒன்று வாங்குவது. அதுவும் பெஜோ வடிவமைப்பு. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ். பழைய ஜீப்காரர்கள் பலரும் விரும்பித் தேடும் பெட்டி என்பதால் பாகங்களும் ஆட்களும் உண்டு. ஆனால் கழற்றி மாட்டினால் போதாது. பெட்டியின் நீளம் வேறு என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி, வெல்டிங் செய்து, பாலன்ஸ் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் 60 கிலோமீட்டரில் வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை நகர்த்தவேண்டும். தரையில் கியர் லீவருக்குப் புது ஓட்டை. கிளட்ச் தட்டின் பல் புதுத் தண்டோடு பொருந்தவேண்டும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாமல் பார்க்கவேண்டும்.

அதற்கும் முன்னால் பிரேக். மேஸ்திரி இதில் கறார். "வண்டி 80ல ஓடும்னா 80ல நிக்கணும். முதல்ல டிரம், லைனிங், மாஸ்டர் சிலிண்டர். அப்புறம்தான் கியர்பாக்ஸ்." வேகத்தைக் கூட்டித் தருபவர்கள் நாட்டில் நிறைய. நிறுத்துவதைப் பற்றி முதலில் பேசுகிறவர் அபூர்வம்.

சரி, முழங்கால்? ஐந்தாவது கியர் கிளட்சை ஒழித்துவிடாதே. அதற்கு மேஸ்திரி வேறு வழி வைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளில் செய்வது போல, வெற்றிட விசையால் கிளட்சை இழுக்கும் அமைப்பு. கியர் லீவரில் ஒரு பொத்தான். அழுத்தினால் கிளட்ச் தானே இறங்கும். டீசல் வண்டியில் பிரேக்குக்காக ஏற்கெனவே ஒரு வாக்குவம் பம்ப் இருக்கிறது. ஆனால் பிரேக்கின் பங்கை கிளட்ச் திருடிவிடக் கூடாது. ஆகவே தனியாக ஒரு சின்ன டாங்க், ஒருவழி வால்வு.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. உடல் குறைபாடு உள்ளவர் தன் வசதிக்கேற்ப வண்டியை மாற்றிக்கொண்டு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெற 2019 திருத்தத்தில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு முன்கூட்டியே போய்க் கேட்டுவிட்டு வருவது என்று பெரியவரின் மகன் ஒப்புக்கொண்டார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் தெருவைப் பார்த்தேன். தூரத்தில் சயனைடு மண்மேடு. இந்த ஊரின் பிழைப்பு நூறு வருஷத்துக்கு மேல் செங்குத்தாக இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கூண்டில் இறங்கு, தோண்டு, மேலே வா. அதற்காகத்தான் 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். மெதுவாகவும் பலமாகவும் இழுப்பதற்கென்றே அமைந்த ஊர். 2001க்குப் பிறகு ஒரே நாளில் அதைப் படுக்கைவாட்டில் ஓடச் சொன்னோம். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு யாரும் கியர்பாக்ஸ் மாற்றித் தரவில்லை. நாலாவது கியரிலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஒரு பழைய பிக்கப்பின் வேலை மாறுகிறது என்றால் பிரேக்கிலிருந்து ஸ்பீடோமீட்டர் வரை எதையெல்லாம் சேர்த்து மாற்றவேண்டும் என்று ஒரு தகரப் பட்டறையில் பட்டியல் போடத் தெரிகிறது. ஒரு சுரங்கத்தை மூடியவர்களிடம் இருந்ததோ கணக்குத் தீர்க்கும் பட்டியல் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரிக்குப் போன் செய்தேன். வேலை முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகிதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை பெரியவர் வண்டியைப் பட்டறை வளாகத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகுகிறார் என்றார்.

"பொத்தான் பழகிடுச்சா?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு சார். ஆனா ஒவ்வொரு தடவையும் இடது காலும் சேர்ந்து மிதிக்குது. அங்க பெடல்ல ஒண்ணும் வேலை இல்லேன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல."