கடன் மாடு கறந்த கணக்கு

"எத்தனை மாடுகள் கொடுத்தோம்?" என்று கேட்டால் பதிவேடு உடனே விடை சொல்லும். "கொடுத்த மாடு எத்தனை வீட்டில் நின்றது?" என்றால் ஊமையாகிவிடும். ஏழை உழவர்க்கான திட்டங்களை மதிப்பிடுவதில் உள்ள கோளாறு இந்த இரு கேள்விகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்து, 1999-இல் வேறொரு திட்டத்தில் கலந்துவிட்டது. நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான், மறுப்பதற்கில்லை. சிறு விவசாயிக்கு நான்கில் ஒரு பங்கு மானியம், குறு விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி வங்கிக் கடன். ஆண்டுக்கு ஒன்றியத்துக்கு 600 குடும்பங்கள் என்று இலக்கும் வைத்தார்கள். இலக்கு வந்ததும் குடும்பம் மறைந்து எண் மட்டும் நின்றது! ஆண்டு வருமானம் 3,500 ரூபாயைத் தாண்டியவர் வறுமைக்கோட்டைக் கடந்தவராம். அந்தத் தொகையோ 1979-80 விலைவாசியில் போட்டது. விலைவாசி ஏறிய பின்னும் அதே கோலால் அளந்தால் எவர்தாம் உயர்ந்து தெரியமாட்டார்?

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு மாடு வந்ததாகப் பாட்டி சொல்வார். வந்த புதிதில் பால் சங்கத்துப் பணத்தில் தவணை கட்டினார்கள். மாடு வற்றியது, தவணை வற்றவில்லை. இருந்ததோ ஒரு ஏக்கர் மானாவாரி. கோடையில் வைக்கோலை விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. கடைசியில் மாடு சந்தைக்குப் போனது. மீதிக் கடனுக்குப் பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. ஏட்டில் நாங்கள் 'பயனடைந்த குடும்பம்'! இரண்டாவது மாடு ஒன்று இருந்திருந்தால், ஒன்று வற்றும்போது மற்றது கறந்திருக்கும். இறவை நிலமும் பால் சங்கமும் அருகில் இருந்தவர்கள் இதே கடனால் நிமிர்ந்ததும் உண்டு என்று பாட்டியே சொல்வார்.

பொருளியல் அறிஞர் நீலகண்ட ராத் 1985-இலேயே இத்திட்டத்தின் கணக்குகளை ஆராய்ந்து, ஏழு ஆண்டு முடிவில் வறுமைக்கு மேலே வரக்கூடியவர்கள் ஊரக ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே என்று எழுதினார். கடன் மாட்டைவிடக் கூலி வேலைக்கு உறுதி தருவதே பலருக்கு ஏற்றது என்பது அவர் வாதம்.

இன்னொன்று. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லார் வருமானமும் கூடும். பெருமை மட்டும் திட்டத்துக்குப் போகும். உதவி பெறாத பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கேட்டால்தான் மழை தந்தது எது, திட்டம் தந்தது எது என்று பிரியும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் செல்கிறோம். கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்து திரும்புகிறோம். அதில் ஒரு நாளை ஒதுக்கி, உதவி பெற்ற பத்து வீடுகளிலும் பெறாத பத்து வீடுகளிலும் கடன் எவ்வளவு, அடகில் என்ன, கொட்டிலில் என்ன என்று கேட்டெழுதலாம். மறு ஆண்டும் அதே வீடுகளுக்குப் போகவேண்டும். பொருளியல் துறை ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் முகாமிலேயே தொடங்கிவிடலாம்.