மூன்று தலைமுறைக்கும் ஒரே நோயா?



1994-ஆம் ஆண்டு, கெடாவில் பீடோங் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் என்னிடம் மூன்றாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. மனக்கணக்கில் கெட்டிக்காரன், புத்தகத்தைத் திறந்தால் தடுமாறுவான். அவனைச் 'சோம்பேறி' என்று கூறிப் பின்வரிசையில் அமர்த்தியவன் நான். பிரம்பையும் எடுத்திருக்கிறேன்.

இன்று அவர் சுங்கைப்பட்டாணியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அவருடைய மகன் இப்பொழுது என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். அதே தடுமாற்றம். அண்மையில் பள்ளிக்கு வந்த தந்தை கேட்டார்: "சார், எனக்கும் படிப்பு இப்படித்தான். எங்கப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு. இது எங்க ரத்தத்துலயே ஓடுதா?"

இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

வாசிப்புக் குறைபாட்டை, அதாவது டிஸ்லெக்சியாவை, முதலில் எடுத்துக்கொள்வோம். 1896-இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அறிவிற் சிறந்திருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். இக்குறைபாடு குடும்பங்களில் தொடர்வது பின்னர் உறுதியாயிற்று. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரக்கூடும். ஆகவே தந்தைக்கும் மகனுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி.

தாத்தாவின் வலிப்பு வேறு கதை. சிலவகை வலிப்பு மரபுவழி வருவதுண்டு. தலையில் அடி, மூளையில் கிருமித்தொற்று, பக்கவாதம் ஆகியவற்றாலும் வலிப்பு வரும். பாட்டியை விசாரித்தபோது, தாத்தா பால் லாரியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட பிறகே வலிப்பு கண்டதாகக் கூறினார். பேரனின் எழுத்துக்கும் அந்த வலிப்புக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஐயம் மெய்யாகும் குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடையே 'ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா' முதல் வகை மிகுதியாகக் காணப்படுவதை 2005-இல் நரம்பியல் மருத்துவர்கள் வெளியிட்டனர். நடை தள்ளாடும், பேச்சு குழறும். மாறுபட்ட ஒரே மரபணுதான் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. தலைமுறை செல்லச் செல்ல இளம் வயதிலேயே தோன்றும் போக்கும் உண்டு.

நம் குடும்பங்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றன. பெண்ணுக்கு வரன் அமையாதென்று நோயை மறைப்பது ஒன்று. எல்லா நோயையும் 'குடும்பச் சாபம்' என ஒரே மூட்டையாகக் கட்டுவது மற்றொன்று. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் கலைந்து, உறவுகள் கூலிமுக்கும் பினாங்குக்கும் சிதறியபின் உண்மையைக் கூறும் பாட்டிமாரும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்: யாருக்கு, எந்த வயதில், அதற்குமுன் என்ன நடந்தது? அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கண்டிக்குமுன் கல்வி அமைச்சின் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியலை எடுங்கள். மரபு எதுவாயினும் முறையாகக் கற்பித்தால் அப்பிள்ளை வாசிப்பில் முன்னேறும்.

அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், பையனைப் பாருங்க" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.