எவருடைய கணக்கில் நஷ்டம்?

ரயில்வேயைப் பற்றி ஆட்சியாளர்கள் பேசும்போதெல்லாம் ‘நஷ்டம்’ என்ற சொல் தவறாமல் முன்வந்து நிற்கிறது. சாதாரணப் பயணிகள் வண்டி நஷ்டம், கிளைப்பாதை நஷ்டம், முதியோருக்கான கட்டணச் சலுகை நஷ்டம். இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனின் ரயில் நிலையங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை மூடப் பரிந்துரைத்த அறிக்கையும் இச்சொல்லின் மீதே எழுப்பப்பட்டது. அவ்வாறு மூடப்பட்ட நிலையங்களுள் ஒரேயொரு சிறு நிலையத்தின் கதையை அறிவது, இன்று நம் முன் நிற்கும் விவாதத்துக்குப் பெரிதும் பயன்படும்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஆடில்ஸ்ட்ராப் என்றொரு சிற்றூர். 1914 ஜூன் 24 அன்று அவ்வூர் நிலையத்தில் ஒரு வண்டி சற்று நேரம் நின்றது. எவரும் ஏறவில்லை, எவரும் இறங்கவில்லை. வண்டியில் இருந்த எட்வர்டு தாமஸ் என்ற எழுத்தாளர் நிலையத்தின் பெயர்ப்பலகையையும் பறவையின் குரலையும் மனத்தில் பதித்துக்கொண்டு, பின்னர் பதினாறு வரிகளில் ஒரு கவிதை எழுதினார். அந்த வண்டி நின்ற நான்காம் நாள் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. ஏகாதிபத்தியப் போர் மூண்டது. 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சின் அராஸ் போர்முனையில் தாமஸ் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் கவிதை ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் வெளிவந்தது. ஆங்கிலேயர் பெரிதும் விரும்பும் கவிதைகளுள் ஒன்றாக அது இன்றும் திகழ்கிறது. நிலையந்தான் இல்லை.

மண்ணும் மூலதனமும்

கவிதை காட்டும் அமைதி இயற்கையில் முளைத்ததன்று. ஆக்ஸ்போர்டு, வூஸ்டர், வுல்வர்ஹாம்ப்டன் நகரங்களை இணைக்க ஒரு தனியார் நிறுவனம் இப்பாதையை அமைத்தது. தலைமைப் பொறியாளர் புகழ்பெற்ற புரூனல். கேம்ப்டன் சுரங்கப் பணியில் நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் பணத்தகராறு மூண்டது. 1851 ஜூலையில் புரூனல் பல நூறு மண்வெட்டும் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டு சுரங்கத்தைக் கைப்பற்றச் சென்றார். நீதிபதிகள் கலக அடக்குச் சட்டத்தை வாசித்தும் மோதல் ஓயவில்லை. இரு முதலாளிகளின் பணத்தகராறில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டு காயமுற்றவர்கள் கூலித் தொழிலாளர்களே. அவர்களுள் எவருடைய பெயரும் எந்த நிலையப் பலகையிலும் இல்லை.

பாதை 1853 ஜூன் 4 அன்று திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நமக்கும் முக்கியமானது. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 16 அன்று, போரி பந்தரிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்து ஆகஸ்டு 8 அன்று, இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் எதிர்கால விளைவுகள் பற்றிய மார்க்சின் கட்டுரை ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ ஏட்டில் வெளிவந்தது. ஆங்கிலேய ஆலை முதலாளிகள் பருத்தியையும் பிற மூலப்பொருள்களையும் மலிவாக அள்ளிச் செல்லவே இங்கு ரயில் பாதை போடுகிறார்கள் என்பதை மார்க்ஸ் அதில் தெளிவாகச் சுட்டினார். அப்பாதை நவீனத் தொழிலுக்கு முன்னோடியாகும் என்றார். எனினும் அதன் பலன், அங்கே தொழிலாளி வர்க்கம் ஆட்சிக்கு வரும்வரை, அல்லது இங்கே மக்கள் அந்நிய நுகத்தடியைத் தூக்கியெறியும்வரை, இந்தியர்க்குக் கிட்டாது என்றும் சேர்த்தே எழுதினார். இந்திய ரயில் பாதைகளில் பணம்போட்ட பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் உறுதி செய்யப்பட்டிருந்தது. பாதை லாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் அத்தொகை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து போய்ச் சேர்ந்தது. அந்த நஷ்டத்தை அன்று எவரும் நஷ்டம் என்று அழைக்கவில்லை.

ஆடில்ஸ்ட்ராப்பைச் சுற்றியுள்ள நிலத்திலேயே இவ்வுறவின் தடயங்கள் உண்டு. பக்கத்து ஊர் டேல்ஸ்போர்டு. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரலாக இருந்து நாடு திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ், 1788இல் அங்கிருந்த தம் முன்னோரின் பண்ணையை விலைக்கு வாங்கி மாளிகை எழுப்பினார். 1818இல் அங்கேயே இறந்தார். சில மைல் தொலைவில் செசின்கோட் மாளிகை, முகலாயக் குவிமாடத்துடன் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவரும் கிழக்கிந்தியக் கம்பெனியில் பொருள் சேர்த்தவரே. வங்கத்தின் செல்வம் இக்கிராமப்புறத்துக்கு வந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் ரயில் வந்தது.

பொதுவுடைமையானபின் நடந்தது

1863இல் இந்நிலையம் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கைக்கு மாறியது. 1948 ஜனவரி 1 அன்று லேபர் கட்சி அரசு எல்லா ரயில் நிறுவனங்களையும் தேசவுடைமையாக்கியது. அது தொழிலாளரின் நெடுநாள் கோரிக்கை, பெரும் வெற்றி. ஆனால் பழைய பங்குதாரர்களுக்கு ஈட்டுத்தொகையாக மூன்று விழுக்காடு வட்டியுடன் கடன்பத்திரம் வழங்கப்பட்டது. போரில் தேய்ந்துபோன பாதையும் வண்டியும் மக்களின் சொத்தாயின; அவற்றின் வருவாயின் மீது வட்டிச்சுமை ஏறியது. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் ரயில்வே பற்றாக்குறையில் விழுந்தது.

1959இல் கன்சர்வேடிவ் அரசின் போக்குவரத்து அமைச்சரானவர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். சாலைகள் அமைக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கிய பங்குதாரர் அவர். நாடு முழுதும் நெடுஞ்சாலை போடும் பணி அவருடைய அமைச்சகத்தின் பொறுப்பு. ரயில்வேயின் தலைமைக்கு அவர் கொணர்ந்தவர் ஐ.சி.ஐ. இரசாயன நிறுவனத்தின் இயக்குநர் ரிச்சர்டு பீச்சிங். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 24,000 பவுன். பிரதமர் பெற்றதைப் போல் இருமடங்குக்கும் மேல்.

1963 மார்ச் 27 அன்று பீச்சிங்கின் அறிக்கை வெளியாயிற்று. 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூட அது பரிந்துரைத்தது. இந்த முடிவுக்கு அடிப்படையான கணக்கெடுப்பு, 1961 ஏப்ரல் 23உடன் முடிந்த ஒரேயொரு வாரத்தில் நடந்தது. கோடை விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குத் திரளும் கூட்டம் அந்த வாரத்தில் இராது. மேலும், கிளைப்பாதையில் ஏறும் பயணி முதன்மைப் பாதைக்குச் சென்று நெடும்பயணம் செய்கிறார். கிளையை வெட்டினால் அவர் பெருநகரம் வரையிலும் காரிலேயே போய்விடுவார். தண்டுக்கு வரும் நீரும் குறையும்.

மக்கள் எதிர்த்து வாதிட வழியிருந்ததா? பெயரளவில் இருந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் மூடலால் நேரும் இன்னல்களைப் பற்றி மட்டுமே கருத்துரைக்கலாம். ரயில்வே காட்டும் நஷ்டக் கணக்கு சரியா என்று ஆராயும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. ‘எவ்வளவு வலிக்கும்’ என்று கேட்பார்கள். ‘ஏன் வெட்டுகிறீர்கள்’ என்று கேட்க விடமாட்டார்கள்.

1964 தேர்தலில் லேபர் கட்சி, பெரிய மூடல்களை நிறுத்தி வைப்பதாக வாக்களித்தது, ஆட்சிக்கும் வந்தது. மூடல்களோ தொடர்ந்தன. 1965 டிசம்பர் இறுதியில் அக்கட்சியின் இடதுசாரியான பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சரானார். அவர் பொறுப்பேற்று இரண்டு வாரம் ஆகுமுன்பே, 1966 ஜனவரி 3 அன்று ஆடில்ஸ்ட்ராப் மூடப்பட்டது. அதே பாதையிலுள்ள பிளாக்லி, சிப்பிங் கேம்ப்டன் நிலையங்களும் அன்றே மூடப்பட்டன. 1968இல் காசில் கொணர்ந்த சட்டம், லாபம் தராவிடினும் சமூகத்துக்குத் தேவையான சேவைகளுக்கு அரசு மானியம் உண்டு என முதன்முறையாக ஏற்றது. மிகச் சரியான கோட்பாடு. ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டபின் வந்த கோட்பாடு.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. ஆடில்ஸ்ட்ராப் மூடப்பட்டபோது ரயில்வே தனியாரிடம் இல்லை. அது மக்களின் சொத்து. ஆட்சியில் இருந்ததும் தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற கட்சி. உடைமை மாறியிருந்தது, கணக்கு எழுதும் முறை மட்டும் முதலாளியினுடையதாகவே நீடித்தது. பொதுத்துறையைக் காப்போம் என்ற நம் முழக்கம் முற்றிலும் சரியானது. ஆயினும் பொதுத்துறை எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்ற கேள்வியையும் அம்முழக்கம் உள்ளடக்க வேண்டும்.

சொல்லில் மறையும் அரசியல்

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்வோம். சில நூறு பேர்கூட இல்லாத ஊருக்கு நிலையம் தேவையா? அருகில் கிங்காம் நிலையம் இருக்கிறதே? ஆடில்ஸ்ட்ராப் ஒன்றை மட்டும் தனித்துப் பார்த்தால் இக்கேள்வியில் நியாயம் உண்டு. பயன் குன்றிய எல்லா நிலையங்களையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. ஆனால் நிலையங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தி விசாரிக்கும் முறையிலேயே சூது இருக்கிறது. அவ்வாறு விசாரித்தால் எந்தக் கிராமமும் தேறாது. ஊருக்குச் செல்லும் தார்ச்சாலை எவ்வளவு லாபம் ஈட்டியது என்று எவரேனும் கேட்டதுண்டா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆவதை நாம் ‘செலவு’ என்கிறோம்; ரயிலுக்கு ஆவது மட்டும் எப்படி ‘நஷ்டம்’ ஆயிற்று? மொழிபெயர்ப்பவர்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். முதலாளித்துவப் பொருளியல் தரும் சொல்லை அப்படியே தமிழில் இறக்கினால், அதனுள் இருக்கும் தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது.

நடைமுறையும் பீச்சிங்குக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அவ்வளவு வெட்டியும் ரயில்வேயின் பற்றாக்குறை தீரவில்லை. இதே பாதையில் 1969இல் மூடப்பட்ட ஹனிபோர்ன் நிலையம் 1981இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிக்கனம் என்று ஒற்றைப்பாதையாக்கிய பகுதிகளில் ஒரு பங்கை 2011இல் பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் இரட்டைப்பாதையாக்கினார்கள். ஸ்காட்லாந்தில் 1969 ஜனவரியில் கடைசி வண்டியை ஊர்மக்கள் மறித்து நின்ற பாதையின் ஒரு பகுதி, 2015இல் புதிதாக அமைக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் நகரமான ஆஷிங்டனுக்கு, அறுபது ஆண்டு கழித்து 2024 டிசம்பரில் பயணிகள் ரயில் திரும்பியது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியாருக்குக் கூறுபோடப்பட்ட ரயில் சேவைகளையும், 2024இல் இயற்றிய சட்டத்தின் வழியே அந்நாடு ஒவ்வொன்றாகப் பொதுவுடைமைக்குத் திரும்பப் பெறுகிறது.

நம் ஆட்சியாளர்களோ, அந்நாடு விட்டுவிலகும் வழியில் விரைகின்றனர். 1924 முதல் வழக்கிலிருந்த தனி ரயில்வே பட்ஜெட் 2017இல் ஒழிக்கப்பட்டது; ரயில்வேயின் கணக்கை நாடாளுமன்றம் தனித்து விவாதிக்கும் வாய்ப்பு சுருங்கியது. 2020 மார்ச்சில் முதியோருக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று ஓய்ந்தபின்னும் அதைத் திரும்பத் தர மறுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் 151 வண்டிகளைத் தனியாரிடம் விட அழைப்பு விடுத்தார்கள். லாபம் உறுதியில்லை எனக் கண்ட முதலாளிகள் அப்போது முன்வரவில்லை. திட்டம் தடுமாறியதால் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதலாகாது.

எனவே நம் கோரிக்கைகள் திட்டவட்டமாக அமைய வேண்டும். ஒரு நிறுத்தத்தையோ வண்டியையோ நிறுத்துமுன் அதன் முழுக் கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும். அக்கணக்கையே கேள்வி கேட்கும் உரிமை உள்ளூர் மக்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வேண்டும். சமூகக் கடமைக்கான செலவை ரயில்வேயின் தலையில் நஷ்டமாக ஏற்றாமல் அரசின் பொதுநிதி ஏற்க வேண்டும். முதியோர் சலுகையை உடனே மீட்டளிக்க வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டிகளை நம்பிப் பயணிக்கும் உழைக்கும் மக்களிடையே இக்கோரிக்கைகளைக் கொண்டுசெல்வது, ஒவ்வொரு கிளையும் மேற்கொள்ள வேண்டிய பணி.

ஆடில்ஸ்ட்ராப்பின் பெயர்ப்பலகையை அவ்வூரார் அன்போடு காத்து வருகின்றனர். பேருந்து நிழற்குடையில் அது மாட்டப்பட்டுள்ளது. அருகே கவிதையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நினைவைப் போற்றுவது நன்றே. ஆனால் வண்டி போனபின் பலகையைக் காப்பதைவிட, வண்டி நிற்கும்போதே அதற்காகப் போராடுவது மேல். நமக்கு இன்னும் அந்தக் காலம் இருக்கிறது.