பொய் ரீடிங் எழுதியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. குடும்பக் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கையின் பேரன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பந்திக்குக் கூட வராமல் லேப்டாப்போடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பானே, அவன்தான். அவனுடைய மினி பிராஜெக்ட் அறிக்கையைத் துறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிவப்பு மையில் ஒரே வரி: "அளவீடுகள் உண்மையானவை அல்ல, மாணவரே உள்ளிட்டவை." அதை அவன் அம்மா போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். உடனே மூன்று பேர், "அவங்க சொல்றது நியாயம்தானே மாமா, டெம்பரேச்சரை இவனே டைப் பண்ணிட்டு அதையே ரீடிங்னு எழுதினா எப்படி?" என்று கேட்டீர்கள். மூவரில் இருவர் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அவன் என்ன செய்தான் என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். எனக்கும் முதலில் தெரியாது. மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கியூஎமு என்று ஒரு எமுலேட்டர் இருக்கிறது. நம் கணினிக்குள்ளேயே வேறொரு கணினியை, அதன் பிராசஸர், மெமரி, சின்னச் சின்னச் சிப்புகள் வரை, நிரலாகவே ஓட்டிக் காட்டும். பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் தொடங்கியது. காசு கிடையாது, உள்ளே இருக்கும் நிரலையும் யாரும் படிக்கலாம். பையன் அதில் ஏஎஸ்டி2500 என்ற சிப் வைத்த ஒரு போர்டை ஓட்டுகிறான். பெரிய சர்வர்களில் விசிறி, வெப்பம், பவர் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஒரு குட்டிக் கணினி தனியாக இருக்கும். அந்த வேலைக்கான சிப் அது. அந்தப் போர்டில் டிஎம்பி105 என்ற வெப்ப உணரியைச் சேர்த்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தான்.

நான் அசந்துபோனது இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் அந்த இயந்திரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து கேட்கலாம். கியூஓஎம்-லிஸ்ட் என்று ஒரு கட்டளை. கேட்டால், மெஷின் என்ற வேரிலிருந்து மரம் மாதிரி விரியும். நாம் பெயர் வைத்துச் சேர்த்த சாதனங்கள் ஒரு கிளையில், பெயர் வைக்காமல் சேர்த்தவை இன்னொரு கிளையில், பெற்றோர் இன்னார் என்று சொல்லப்படாமல் போர்டே உண்டாக்கிக்கொண்டவை வேறொரு கிளையில். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பண்புகள், ஒவ்வொரு பண்புக்கும் பெயர், அது எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா என்ற வகை. கியூஓஎம்-கெட் போட்டால் அந்தப் பண்பின் மதிப்பு வரும். கியூஓஎம்-செட் போட்டால் மாற்றலாம். நான் முப்பத்து மூன்று வருடம் வருகைப் பதிவேடு எழுதியவன். இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டைப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். உணரியின் முகவரியை மாற்றிப் பார் என்றேன். அந்தச் சாதனம் ஏற்கெனவே உருவாகி இயங்குகிறது, இனி இந்தப் பண்பை மாற்ற முடியாது என்று பிழைச் செய்தி வந்தது. நிஜ போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகு காலை இடம் மாற்ற முடியாதல்லவா, அப்படி. ஆனால் வெப்பநிலை மாறக்கூடியது. அதனால் அதை மாற்ற விடுகிறது. அதற்கும் எல்லை உண்டு. 150 டிகிரி கொடுத்தேன், வரம்புக்கு வெளியே என்று மறுத்துவிட்டது. 128ஐத் தொட விடாது.

அலகு மில்லி டிகிரி. 18000 என்றால் 18 டிகிரி செல்சியஸ். இன்னொன்று கேளுங்கள். வெளியிலிருந்து 40030 என்று கொடுத்துவிட்டு, உள்ளே ஓடும் லினக்ஸில் படித்தால் 40000 என்கிறது. தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை. அந்த உணரி ஒரு டிகிரியில் பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்தறியாது, அதனால் எமுலேட்டரும் உள்ளே பிரித்துக் காட்டுவதில்லை. மீச்சிற்றளவு! வெர்னியர் கருவியை வைத்துக்கொண்டு உங்கள் உயிரை வாங்கினேனே, அதே மீச்சிற்றளவு.

இப்போது பிராஜெக்டுக்கு வருகிறேன். உள்ளே ஓடும் லினக்ஸ், உணரியைப் படித்து ஒரு கோப்பில் எண்ணாகக் காட்டும். தொடக்கத்தில் 0. வெளியிலிருந்து 18000 கொடுத்தால் உள்ளே 18000. பையனின் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்து, 80 டிகிரியைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். 30, 60, 79 கொடுத்தான், சும்மா இருந்தது. 81 கொடுத்தான், நிறுத்தியது. 95க்கும் நிறுத்தியது. இதோடு விட்டிருந்தால் அறிக்கை முடிந்திருக்கும். 100 கொடுத்தான். ஸ்கிரிப்ட் அசையவில்லை! 110, அசையவில்லை. சந்தேகப்பட்டுக் கீழே இறங்கி ஒன்பதரை டிகிரி கொடுத்தான். குளிர்ந்து கிடக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டது.

காரணம் என்ன தெரியுமா? எண்ணாக ஒப்பிட வேண்டியதை ஸ்கிரிப்ட் எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, முதலில் வேறுபடும் எழுத்திலேயே முடிவு. 100000 தொடங்குவது 1இல், 80000 தொடங்குவது 8இல், ஆகவே நூறு டிகிரி எண்பதைவிடச் சிறியது! 9500 தொடங்குவது 9இல், ஆகவே பெரியது! அவனே கண்டுபிடித்தான், அவனே திருத்தினான். திருத்துவதற்கு முன் ஒரு அட்டவணை, பின் ஒரு அட்டவணை, இரண்டையும் அறிக்கையில் வைத்தான். தன் தப்பை மறைக்காமல் வைத்தான். அந்த இரண்டு அட்டவணைகளின் மேல்தான் சிவப்பு மை.

நிஜ உணரியை வாங்கி, பிரெட்போர்டில் குத்தி, ஆய்வகத்தில் ரீடிங் எடுத்து வா என்பது அவர்கள் கட்டளை. எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் என்ன வரும்? 31. மதியம் 33. அதை ஆயிரம் தடவை எடுத்தாலும் இந்தப் பிழை எட்டிப்பார்க்காது. நூறு டிகிரியில் விசிறி நின்றுபோன சர்வர் அறையில் ஒருநாள் எட்டிப்பார்க்கும்.

மாணவரே உள்ளிட்ட அளவு என்கிறார்கள். வெப்பமானிக்குக் கோடு போட உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 என்றும், கொதிநீராவியில் வைத்து 100 என்றும் குறிப்பது எப்படி என்று நான் நடத்தவில்லையா? அந்த 0-வைக் கொடுத்தது யார்? நாம். தெரிந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்குப் பெயர் பொய்யா? இவன் அளந்தது வெப்பத்தை இல்லை. தன் ஸ்கிரிப்டை அளந்தான். கொடுத்த வெப்பநிலைக்கு என்ன செய்தது என்பதுதான் அவன் ரீடிங். அந்த ரீடிங்கில் ஒன்றைக்கூட அவன் டைப் செய்யவில்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நீங்கள் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். எமுலேட்டருக்குள் சூடு கிடையாது. நிஜ உணரி போர்டில் சரியாக ஒட்டியிருக்கிறதா, சூடு அதை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஏறுகிறதா, இதெல்லாம் கியூஎமுவில் தெரியாது. அதற்கு நிஜக் கருவிதான் வேண்டும். இந்த வரியை அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டான். ஆனால் இதைக் காரணமாகச் சொல்லியா திருப்பி அனுப்பினார்கள்?

பொய் ரீடிங் எது என்று எனக்குத் தெரியும். தனி ஊசல் சோதனை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ரெக்கார்டு நோட்டுகளில் பாதிக்கு மேல் g-யின் மதிப்பு 980க்குப் பக்கத்தில் அழகாக வந்து நிற்கும். நம் பள்ளி ஆய்வகத்தின் நிறுத்துகடிகாரங்களில் ஒன்று நின்று நின்று ஓடும், இன்னொன்று நிற்கவே நிற்காது. அவற்றை வைத்து 980 எப்படி வந்தது? விடையை முதலில் எழுதி, வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டு, இருபது அலைவுக்கான நேரத்தைக் கடைசியில் நிரப்பினீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே டிக் போட்டேன். தேர்வாளர் வரும்போது நோட்டு சுத்தமாக இருக்க வேண்டுமே! முப்பத்து மூன்று வருடத்தில் "ஐயா, எனக்கு 912 வந்தது, ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதியவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அவர்களில் ஒருவனையாவது நான் மற்றவர்கள் முன்னால் பாராட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. திரும்பச் செய்யச் சொன்னேன்.

அப்படி என்னிடம் டிக் வாங்கிப் போனவர்கள்தான் இன்று குழுவில் "நியாயம்தானே மாமா" என்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்தப் பையனையும் அந்த வரிசையில் நிறுத்த விடமாட்டேன்.

அவன் அம்மா பயப்படுகிறாள். "பெரியப்பா, உள் மதிப்பெண் அவங்க கையில இருக்கு, முதல் அட்டவணையை எடுத்துடச் சொல்லுங்க, ரூம் டெம்பரேச்சரை எழுதிக் கொடுத்துடட்டும்" என்கிறாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. பையனிடம் கேட்டேன். "எடுத்துட்டா என்ன தாத்தா மிச்சம் இருக்கும்?" என்றான்.

ஆகவே எடுக்கவில்லை. பத்திகளின் தலைப்பை மட்டும் தெளிவாக்கியிருக்கிறோம்: கொடுத்த வெப்பநிலை, லினக்ஸ் படித்தது, ஸ்கிரிப்ட் செய்தது. கொடுத்த கட்டளைகள் ஒன்று விடாமல் பின்னிணைப்பில். யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் அதே கட்டளைகளைக் கொடுத்து அதே விடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மறுபடி கொடுக்கிறான். நானும் கூடப் போகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த மூன்று பேருக்கு: ஞாயிறு மதியம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பாடு இருக்கிறது. லேப்டாப்பை முன்னால் வைக்கிறேன். 100000 என்று நீங்களே அடித்துப் பாருங்கள். பழைய ஸ்கிரிப்டை அழிக்காமல் வைத்திருக்கிறான்.