ரெண்டும் முடியும் என்றார் ஜான்சன்!

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். ஒரே வருஷத்தில் மாடியும் கட்டினார், பெண்ணுக்குக் கல்யாணமும் வைத்தார். "எப்படி மாமா ரெண்டையும் சமாளிக்கறீங்க?" என்று கேட்டால், "எல்லாம் பிளான்தான்டா!" என்று சிரிப்பார். மாமிக்குச் சொன்ன கணக்கு ஒன்று, மாமாவின் டயரியில் இருந்த கணக்கு வேறு. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், வட்டிக்காரர் வாசலில் வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் மாமிக்கு விஷயம் தெரிந்தது. மாமி கடனுக்காகக்கூட அழவில்லை. "என்கிட்டே ஏன் சொல்லலை?" என்றுதான் அழுதார்.

அமெரிக்காவின் 36-வது ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இந்த மாமா ஞாபகம்தான் வரும். என்ன, மாமாவுக்கு மாடியும் கல்யாணமும். ஜான்சனுக்கு ஏழைகளும் வியட்நாமும்!

* * *

பி.காம். முதல் வருஷ எகனாமிக்ஸில் ஒரு பாடம் உண்டு. ஒரு நாட்டின் ஆள், பணம், தொழிற்சாலை எல்லாம் இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு துப்பாக்கி செய்யலாம், வெண்ணெயும் செய்யலாம். ஆனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஒரு வளைகோடு போட்டுக் காட்டினால் ஐந்து மார்க் கிடைக்கும். ஜான்சன் கோட்டை விட்டது அந்த ஐந்து மார்க்கில்தான்.

மனுஷன் கெட்டவர் இல்லை சார். இளவயதில் டெக்சாஸில் கோட்டுல்லா என்ற சின்ன ஊரில் வாத்தியாராக இருந்தவர். பசியோடு பள்ளிக்கு வந்த மெக்சிகோ வம்சாவழிக் குழந்தைகளை நேரில் பார்த்தவர். கென்னடி 1963 நவம்பரில் சுடப்பட்டதும் நாற்காலிக்கு வந்தார். அடுத்த வருஷமே கறுப்பர்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டினார். வருமான வரியையும் குறைத்தார். அந்த 1964 தேர்தலில் 61 சதவீத ஓட்டு. 'மகத்தான சமுதாயம்' என்று தம் திட்டங்களுக்குப் பெயர் வைத்தார். பெரியவர்களுக்கு மருத்துவம், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை... பட்டியல் நீளம்.

இன்னொரு பக்கம் வியட்நாம். 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் 3,500 மரீன்கள் இறங்கினார்கள். அப்புறம் அது இட்லிப் பானை மாதிரி. திறக்கும்போதெல்லாம் ஒரு தட்டு அதிகம்.

1965 ஜூலை 28, புதன்கிழமை. வியட்நாமில் படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும் என்று ஜான்சன் அறிவித்தார். மாதா மாதம் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கும் இளைஞர்கள் 17,000-லிருந்து 35,000. இவ்வளவு பெரிய சமாசாரத்தை ராத்திரி எல்லாரும் டி.வி. முன்னால் உட்காரும் நேரத்தில் சொல்லவில்லை. பட்டப்பகலில் ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெண்டே நாள் கழித்து வெள்ளிக்கிழமை, பெரியவர்களுக்கான மெடிகேர் மருத்துவத் திட்டத்தில் கையெழுத்து. அதை எப்படிச் செய்தார் தெரியுமா? முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊருக்கே போய், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காமிராக்கள் சூழ!

புதன்கிழமைச் செலவு மெதுவாக, வெள்ளிக்கிழமைச் செலவு மேளதாளத்தோடு. புரிகிறதா?

ஏன் மறைக்க வேண்டும்? யுத்தத்துக்கு இவ்வளவு ஆகும் என்று உண்மையைச் சொன்னால், 'அப்படியானால் ஏழைகள் திட்டத்தை நிறுத்து' என்று காங்கிரஸில் பலர் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்கள். (அந்த ஊர்ப் பார்லிமெண்டுக்குப் பெயரே காங்கிரஸ்.) ஏழைகள் திட்டத்துக்காக வியட்நாமை விட்டாலோ, கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பயந்து ஓடிய கோழை என்ற பட்டம். அதனால் ரெண்டையும் பிடித்துக்கொண்டார். 1966 ஜனவரி உரையில், இந்த நாட்டுக்கு வெளியே யுத்தமும் உள்ளே நல்ல காரியமும் சேர்த்தே செய்கிற பலம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்.

* * *

கொஞ்ச நாள் வண்டி ஓடத்தான் செய்தது. ஊரில் சும்மா கிடக்கும் ஆளும் மிஷினும் இருக்கிறவரை ரெண்டும் முடியும். ஆனால் 1966 ஆரம்பத்தில் வேலையில்லாதவர்கள் 4 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். சும்மா கிடந்த மிஷின் தீர்ந்துவிட்டது. இனி ஒரு டாலர் கூடுதலாகச் செலவழித்தால் பொருள் கூடாது, விலைதான் கூடும்.

பொருளாதார ஆலோசகர் கார்ட்னர் ஆக்லி 1965 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்: வரியை உயர்த்துங்கள். ஜான்சன் கேட்கவில்லை. அதே டிசம்பரில் அவர்கள் ரிசர்வ் வங்கியின் தலைவர் வில்லியம் மெக்செஸ்னி மார்ட்டின், நாலுக்கு மூன்று என்ற ஓட்டில் வட்டியை 4-லிருந்து 4.5 சதவீதமாக ஏற்றினார். ஆபரேஷன் முடிந்து டெக்சாஸ் பண்ணை வீட்டில் ஓய்விலிருந்த ஜான்சனுக்குக் கோபமான கோபம். மார்ட்டினை அங்கேயே வரவழைத்துக் காய்ச்சினார். மார்ட்டின் காய்ச்சலைத் தாங்கிக்கொண்டார். வட்டியைக் குறைக்கவில்லை!

பட்ஜெட்டில் ஒரு ஜாலம் நடந்தது. யுத்தம் 1967 ஜூன் 30-ல் முடிந்துவிடும் என்று 'வைத்துக்கொண்டு' கணக்குப் போட்டார்கள். அந்தத் தேதிக்கு வேறெந்த விசேஷமும் இல்லை. அப்போது அங்கே நிதியாண்டு முடிந்த தேதி, அவ்வளவுதான். நம்ம மார்ச் 31 மாதிரி! வியட்நாம் எதிரிக்கு நிதியாண்டு தெரியாதே? அந்த வருஷத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். ஆனது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

வரியை ஏற்ற மனசில்லாதவர் விலையோடு மல்லுக்கட்டினார். அலுமினியக் கம்பெனிகள் விலையை ஏற்றியதும் அரசாங்கக் கையிருப்பைச் சந்தையில் விடுவேன் என்று மிரட்டி இறக்க வைத்தார். செருப்பு விலை ஏறப்போகிறதா? தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு. உச்சம் என்ன தெரியுமா? 1966-ல் முட்டை விலை ஏறியது. முட்டை தின்றால் கொலஸ்ட்ரால் என்று ஊரை எச்சரிக்கும்படி நாட்டின் தலைமை மருத்துவரிடம் சொல்லச் சொன்னாராம்! அவரிடமே உதவியாளராக இருந்த ஜோசப் காலிஃபானோ இதை எழுதியிருக்கிறார். முட்டைக்கு டாக்டரை அனுப்பலாம். மொத்த விலைவாசிக்கு எந்த டாக்டரை அனுப்புவது? 1965-ல் ஒன்றரை சதவீதம் சொச்சமாக இருந்த விலையேற்றம், 1968-ல் 4 சதவீதத்தைத் தாண்டியது.

* * *

"அது அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? இருக்கிறது.

1965, 1966 ரெண்டு வருஷமும் நமக்கு மழை பொய்த்தது. பி.எல்.480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பித்தான் ரேஷன் ஓடியது. ஜான்சன் அதை மொத்தமாக அனுமதிக்காமல், மாதாமாதம் இவ்வளவு என்று தாமே பார்த்துப் பார்த்து விட்டார். இந்தியா விவசாயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அவர்கள் கையிருப்பும் குறைந்துகொண்டிருந்தது. வியட்நாமில் குண்டு போடுவதை இந்திரா காந்தி கண்டித்தது அவருக்கு எரிச்சல் மூட்டியதும் உண்மை. அதே 1966 ஜூன் 6-ல், 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆயிற்று. உதவி கொடுக்கும் நாடுகளின் நிர்ப்பந்தம் அதில் உண்டு. பக்கத்து வீட்டுக் கணக்கு தப்பினால் நம்ம வீட்டு அடுப்பும் கொஞ்சம் அணையும்.

* * *

1966 நவம்பர் தேர்தலில் ஜான்சன் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களை இழந்தது. 1967 ஆகஸ்டில் 10 சதவீத சர்சார்ஜ் கேட்டார். அதாவது 100 டாலர் வரி கட்டுகிறவர் 110 கட்ட வேண்டும். சபையில் வரிக் கமிட்டித் தலைவர் வில்பர் மில்ஸ் அசையவில்லை. 'முதலில் செலவைக் குறை, அப்புறம் வரி.' எந்தக் கத்தரிக்கோலுக்குப் பயந்து மறைத்தாரோ, அதே கத்தரிக்கோல்!

இதற்குள் டாலர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்று அமெரிக்கா உறுதி கொடுத்திருந்தது. (ஒரு அவுன்ஸ் நம்ம கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பெருமூச்சு விடாதீர்கள்!) 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும், அடுத்தது டாலர்தான் என்று உலகமே தங்கத்துக்கு ஓடியது. 1968 புத்தாண்டு அன்று ஜான்சன், அவசியமில்லாமல் ஐரோப்பா, ஆசியா பக்கம் டூர் போகாதீர்கள் என்று சொந்த ஜனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. மார்ச் மத்தியில் லண்டன் தங்கச் சந்தையையே மூடினார்கள்.

நடுவில் ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல். வியட்நாம் புத்தாண்டு அன்று நாடு முழுக்க ஒரே சமயத்தில் அடி. சைகோன் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே எதிரிகள் நுழைந்தார்கள். 'ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்' என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் டி.வி.யில் இதைப் பார்த்தார்கள். தளபதிகளோ இன்னும் 2,06,000 பேர் கேட்டார்கள். நம் வயசுப் பையன்கள்தான். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் செத்த அமெரிக்க வீரர்கள் 16,000-க்கும் மேல். வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு.

மார்ச் 12-ல் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார், ஜான்சன் 49. நாலு நாளில் ராபர்ட் கென்னடியும் களத்தில். மார்ச் 31 ராத்திரி ஜான்சன் டி.வி.க்கு வந்தார். குண்டுவீச்சைக் குறைப்பது, பட்ஜெட் பற்றாக்குறை, வரி மசோதா என்று எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார். 61 சதவீதம் வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை.

ஜூன் மாதம் சர்சார்ஜ் சட்டமானது, 600 கோடி டாலர் செலவு வெட்டோடு. அந்த நிதியாண்டுப் பற்றாக்குறை 2,500 கோடி டாலர். அடுத்த வருஷமே 320 கோடி உபரி! ஆக, மருந்து வேலை செய்யும். ரெண்டரை வருஷம் முன்னால் ஆக்லி எழுதிக் கொடுத்த அதே மருந்து. ஆனால் அதற்குள் காய்ச்சல் எலும்புக்குள் போய்விட்டது. விலை தொடர்ந்து ஏறியது. 1971 ஆகஸ்டில் டாலருக்குத் தங்கம் கிடையாது என்று நிக்ஸன் கதவைச் சாத்தினார்.

ஜான்சன் 1973 ஜனவரி 22-ல் தம் பண்ணையில் காலமானார். அஞ்சே நாள் கழித்துப் பாரிஸில் வியட்நாம் சமாதான ஒப்பந்தம். மெடிகேர் இன்றைக்கும் இருக்கிறது. அதற்காக அவரை வாழ்த்துகிறவர்கள் உண்டு; வியட்நாமுக்காகச் சபிக்கிறவர்களும் உண்டு. ரெண்டும் நியாயம்தான்.

யுத்தச் செலவைச் சொல்லியிருந்தால் ஜனங்கள் 'வேண்டாம்' என்றிருக்கலாம். சொல்லாததற்கே அதுதானே காரணம்? கணக்கைக் காட்டினால் நின்றுவிடும் என்று பயப்படுகிற காரியத்தை ஆரம்பிக்காமல் இருப்பதே உத்தமம்.

எங்கள் தெரு மாமா கடனை அடைக்க ஏழு வருஷம் ஆயிற்று. அப்புறமும் அவருக்கு ஒரு குறை. "எல்லாக் கடனையும் அடைச்சுட்டேன்டா, ஆனா இன்னிக்கும் கறிகாய் வாங்கிட்டு வந்தா மாமி பில்லைக் கேட்கறா!"

கேட்கத்தான் கேட்பார்.